வெள்ளிக்கிழமை பார்த்து ஓடைக்கு அனுப்பினார்கள்

1

போன வாரம் என் மகள் யாழினி ஒரு திட்டம் போட்டாள். சனிக்கிழமை காலையில் ரொட்டியும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓடைக்குப் போவது, மத்தியானம் வரை அங்கேயே இருந்துவிட்டு வருவது. இங்கே அதை க்ரீக் ரிசர்வ் என்பார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முழங்கால் அளவுத் தண்ணீர், இரண்டு கரையிலும் யூக்கலிப்டஸ் மரங்கள், பாம்பு இருக்கும் ஜாக்கிரதை என்று ஒரு பலகை, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லி இன்னொரு பலகை. அவ்வளவுதான்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"அப்பாவுக்குப் பிடிச்ச இடம்மா," என்றாள்.

"தெரியும். நீ போயிட்டு வா."

"அம்மா, இன்னுமா?"

இன்னும்தான். ஊரிலிருந்து திரும்பி அரை வருஷத்துக்கு மேல் ஆகிறது. கோபம் ஆறவில்லை. ஆறியதுபோல் நடிக்கவும் எனக்கு வரவில்லை. யாராவது குடும்பமாக ஓடைக்குப் போகலாம் என்று ஆரம்பித்தால், என்னை எந்த இடத்திலிருந்து கிளப்பப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றுகிறது. பெற்ற மகளிடமே அப்படித் தோன்றுகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதினால் கொஞ்சம் பாரம் இறங்கும் என்று எழுதுகிறேன்.

2

நான் வில்லாபுரத்தில் பிறந்தவள். பெயர் செல்வி. மெல்பர்னுக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. பரிசோதனை நிலையம் ஒன்றில் இரத்தம் எடுக்கும் வேலை. வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் "சின்னக் குத்துதான், இப்ப முடிஞ்சுரும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சொல்லி, வீட்டில் தேங்காய் உடைக்கும்போதுகூட அதே வாசகம் வாயில் வருகிறது. என் கணவர் தனபால் மேலூர்ப் பக்கத்துக்காரர். வேலை பார்த்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் கடைசியாக ஊருக்குப் போனது அது நடந்த இரண்டாவது வருஷம்.

அவருடைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை, அதன் அடியில் ஒரு ஓடை. யாழினியைத் தோளில் தூக்கிக்கொண்டு மெல்பர்ன் ஓடைக்கரையில் நடக்கும்போதெல்லாம் அதைப் பற்றிச் சொல்லுவார். "எங்க ஊர் ஓடையில தண்ணி இதைவிடக் கம்மிதான். ஆனா சத்தம் ஜாஸ்தி, நம்ம சொந்தக்காரங்க மாதிரி." ஒரு தடவை கூட்டிப்போகிறேன் என்பார். போகவே இல்லை. லீவில் ஊருக்குப் போனால் கல்யாணம், காதுகுத்து, பல் டாக்டர், பாங்க் என்று நாள் தீர்ந்துவிடும். அவருக்கும் சேர்த்து அந்த ஓடையை யாழினிக்குக் காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. அதுவும் நாங்கள் இருவர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவதில்லை. அண்ணன் குடும்பத்தோடு, சோறு கட்டிக்கொண்டு, எல்லோருமாகப் போக வேண்டும். இருக்கிற சொந்தம் அவர்கள்தான்.

அண்ணனுக்கு அவனியாபுரத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை. தீபாவளி, பொங்கல் தவிர அதைச் சாத்தி நான் பார்த்ததில்லை. மதினிக்கு எந்தப் பயணத்துக்கும் முந்திக்கொண்டு வருவது முழங்கால் வலி. அவர்களுடைய ஒரே மகள் பவித்ரா, பள்ளிக்கூடத்தில் டீச்சர். எங்கள் வீட்டில் டூர் திட்டம் போடுவதே ஒரு பொழுதுபோக்கு; போவது யாருக்கும் நோக்கமில்லை. "போயிருவோம், ஜமாய்ச்சுருவோம்" என்பார்கள். அப்புறம் ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒருத்தருக்கு ஆர்டர். அதனால் குடும்ப வாட்ஸப்பில் ஓடை விஷயத்தைப் போட்டபோது நான் அதிகம் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அண்ணன் அன்றைக்கே போன் செய்தார்.

"ஏத்தா செல்வி, போயிட்டு வருவோம்த்தா. மச்சான் ஊரு ஓடை. நம்ம போகாம வேற யாரு போறது?"

ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் அம்மும். காலேஜ் பயலுக அம்புட்டுப் பேரும் அங்கிட்டுத்தான். வெள்ளிக்கிழமை போனா அமைதியா இருக்கும்."

"பட்டறை?"

"அது கெடக்கு."

அது கெடக்கு! என் அண்ணன் வாயில் அந்த வார்த்தையைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்த மலையை இப்போது பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருக்கிறார்கள். சுற்றுவட்டாரத்தில் கிரானைட் வெட்டி வெட்டிப் பள்ளமாக்கிய பிறகு, இதையாவது விட்டுவைத்தார்கள். கூட்டமாகப் போய்ச் சோறு தின்ன வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமாம். அண்ணன் அலைந்தார். முதல் தடவை போனபோது அதிகாரி மீட்டிங். இரண்டாம் தடவை, வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் அதன் நகல் வேண்டும் என்றார்கள். நகலைக் கொடுத்தால், இந்தப் பெண் பிறந்தது மதுரை என்று போட்டிருக்கிறதே, பிறகு எப்படி வெளிநாட்டுக்காரி என்று ஒரு கிளார்க் கேட்டாராம். நியாயமான கேள்விதான், எனக்கே பதில் தெரியாது. மூன்றாம் தடவை அனுமதி கிடைத்தது. அண்ணன் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பி, கீழே ஒரு கட்டைவிரல் படமும் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு நான் வேலை இடத்துக் கழிவறையில் நின்று அழுதேன். செத்துப்போன மச்சானுக்காக ஒரு மனிதன் இவ்வளவு மெனக்கெடுகிறானே என்று அழுதேன்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் வளர்ந்த வீட்டில் தினசரி காலண்டர் தாளைக் கிழிக்காமல் யாரும் வாசல்படி தாண்டமாட்டார்கள். கீழ்நோக்கு நாள், மேல்நோக்கு நாள், ராகு காலம், எமகண்டம் எல்லாம் எனக்கு மனப்பாடம். இங்கே என் சமையலறைக் காலண்டரில் எந்தக் குப்பைத் தொட்டியை எந்த வாரம் வெளியில் வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கிறது. அண்ணன் சொன்னது கார்த்திகையில் ஒரு வளர்பிறை வெள்ளி, நல்ல முகூர்த்த நாள். பத்து வயதில் இருந்த செல்வியாக இருந்தால் அன்றைக்கே கண்டுபிடித்திருப்பாள்.

3

பவியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அவள் பிறந்தபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். மதினிக்குப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற நாளாயிற்று. பிள்ளை என் பக்கத்தில்தான் தூங்கும். அவள் பெரியவளானபோது விமானம் ஏறி வந்து, அத்தை முறைக்கு முதல் குடம் தண்ணீர் ஊற்றினேன். அத்தைக்கு உரிய அடுத்த முறை, அவளுக்குப் பூ வைக்கும் நாளில். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து பெண்ணின் தலையில் பூ வைத்துப் பேச்சை உறுதி செய்கிற நாள் அது. எங்கள் பக்கம் அன்றைக்குப் பெண்ணைக் கைப்பிடித்து அழைத்துவந்து சபையில் உட்காரவைப்பது அத்தை. பவிக்கு நான் ஒரே அத்தை.

சின்னப் பிள்ளையில் போனில் கேட்பாள். "அத்தை, நீங்க ப்ளேன்ல வந்து என்னைய உக்காரவைப்பீகள்ல?" வருவேன்டி, ப்ளேன் கிடைக்காவிட்டால் கப்பலில் வருவேன் என்பேன். சீதனம், சீர் என்று எதிலும் எனக்குப் பெரிய ஆசை கிடையாது. இந்த ஒன்றுக்குத்தான் ஆசைப்பட்டேன். பிள்ளையின் கையைப் பிடித்து நாலு எட்டு நடக்கிற ஆசை.

நாங்கள் போய் இறங்கியதும் முதலில் கேட்டதும் அதுதான். "பவிக்கு எதுவும் அமைஞ்சுச்சா மதினி?"

"எங்க செல்வி? பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம், இன்னும் தகையல," என்றார் மதினி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை நான் எழுந்தபோது சமையலறையில் புளியோதரை, தயிர்ச்சாதம், உருளைக்கிழங்கு வறுவல் எல்லாம் தயார். தூக்குச்சட்டிகளில் அடைத்துத் துண்டு சுற்றி வைத்திருந்தார்கள். மதினி அன்று என்னிடம் வைத்திருந்த பிரியத்தைச் சொல்லி முடியாது. வெயிலுக்குத் தொப்பி எடுத்தாயா, கொசுவுக்கு மருந்து எடுத்தாயா என்று என் பின்னாலேயே வந்தார். வாசலில் வேன் நின்றது. ஓட்டுநர் முருகன், அண்ணனுக்குத் தெரிந்தவர்.

ஏறப்போகும் நேரத்தில் அண்ணனுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்தார். "ஒரு ஆஸ்பத்திரி மோட்டாரு புகைஞ்சுருச்சாம்த்தா. தண்ணி இல்லாம நோயாளிக கெடக்காக. நீங்க முன்னாடி போங்க, நாங்க பின்னாடியே வாரோம்."

மதினிக்கு முழங்கால். அண்ணனோடு காரில் வருகிறேன் என்றார். பவிக்குப் பள்ளியில் லீவு தரவில்லையாம், முடிந்தால் மத்தியானம் வருவாளாம். அவள் கை இரண்டிலும் மருதாணி சிவந்திருந்தது. என்னடி என்றேன். ஸ்கூலில் ஆண்டு விழா என்றாள். சொல்லிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தாள். கொஞ்சம் அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். என் மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று நினைத்துக்கொண்டு வேனில் ஏறினேன்.

தெருமுனையில் நாற்காலிகள் அடுக்கிய குட்டி யானை வண்டி ஒன்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது. யார் வீட்டிலோ விசேஷம் போலிருக்கிறது என்று முருகனிடம் நானே சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார்.

4

ஓடை அழகாக இருந்தது. அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வாசலில் ஒரு காவலர் அனுமதித் தாளை வாங்கிப் பார்த்தார். "அஞ்சு பேருன்னு போட்டிருக்கு, ரெண்டு பேருதான் வந்திருக்கீக?" என்றார். பின்னால் வருகிறார்கள் என்றேன். பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடியது. அவர் சொன்னதுபோலவே சத்தம் ஜாஸ்தி. கரையில் மருத மரங்கள், மேலே எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஒரு பறவை. ஆலமரத்து விழுது ஒன்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது.

யாழினி பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். சேற்றில் கால் புதைந்தது. "உங்கப்பா இங்கதான் எங்கேயோ வழுக்கி விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டாரு," என்றேன். அவள் சிரித்தாள். அவள் அப்பா செத்த பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் அப்படி ஒரு சிரிப்பு வரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அதனால்தான் இப்போது இன்னும் எரிகிறது.

பிறகு காத்திருந்தோம். அண்ணன் போனை எடுக்கவில்லை. மதினியும் எடுக்கவில்லை. பவிக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தாள். வெயில் ஏறியது. தூக்குச்சட்டியைத் திறக்காமல் பாறைமேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து எழுந்து பார்த்தேன். மத்தியானம் ஆனதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. இந்த வழியில்தான் கல் லாரிகள் போகின்றன. வரும் வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ?

"கிளம்பு, வீட்டுக்குப் போவோம்," என்றேன்.

"வேண்டாம்மா. இங்கேயே இருப்போம். நல்லா இருக்கு," என்றாள் யாழினி.

"மாமா போன் எடுக்கலடி."

"அவங்க பிசியா இருப்பாங்க. ஈவ்னிங் போலாம்." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் முருகனிடம் போய் வண்டியை எடுக்கச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"இப்பவேவாக்கா? அஞ்சு மணிக்கு மேல கூட்டியாரச் சொல்லிருக்காகளே."

"யாரு சொன்னது?"

"அண்ணன்தான். அதுக்குள்ள அவுக கிளம்பிருவாகளாம்."

"யாரு கிளம்பிருவாக?"

"மாப்ள வீட்டுக்காரவுக," என்றார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் விளங்கிவிட்டது. "ஒங்களுக்குத் தெரியாதாக்கா? பவிக்கு இன்னைக்குப் பூ வைக்கிறாகல்ல."

நான் யாழினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரியும். ஊருக்கு வருவதற்கு முன்பே தெரியும். பவிதான் முதலில் சொல்லியிருக்கிறாள். பிறகு மாமா தனியாகக் கூப்பிட்டுப் பேசினாராம். அம்மாவை அன்றைக்கு வெளியில் வைத்துக்கொள்ள நீதான் உதவ வேண்டும் என்றாராம்.

"நீ அங்க இருந்தா உன்னைப் பின்னாடி ரூம்ல உக்காரச் சொல்லுவாங்கம்மா. புருஷன் இல்லாதவங்க முன்னாடி வரக்கூடாதாம். அது உனக்கு இன்னும் கஷ்டமா இருக்கும்னு மாமா சொன்னாங்க. எனக்கு அது சரின்னு பட்டுச்சு. நீ இங்க ஹாப்பியா இருந்தே இல்ல?"

நான் அவளை அடிக்கவில்லை. அடிக்கத் தோன்றியது. "ஏறு வண்டியில," என்று மட்டும் சொன்னேன்.

5

மேலூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது முருகன் "டீ சாப்பிடுறீகளாக்கா" என்று கேட்டார், பாவம். எனக்கு ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணை யார் அழைத்துவந்து உட்காரவைத்திருப்பார்கள்?

எங்கள் வீட்டு வாசலில் சாமியானா. அதன் கீழே செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே பந்தி முடிந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் முன்வாசல் வழியாகவே போனேன். சேலை முழங்கால் வரைக்கும் சேறு, பின்னால் யாழினி கையில் திறக்காத தூக்குச்சட்டிகள்.

கூடம் நிறைய ஆட்கள். நடுவில் தலை நிறையப் பூவோடு பவி. என்னைப் பார்த்ததும் குனிந்துகொண்டாள். அவள் பக்கத்தில், மதினியின் சித்தி மகள், கழுத்து நிறைய நகையோடு. உட்காரவைத்தது அவளாகத்தான் இருக்க வேண்டும். அண்ணன் வேட்டியை மடித்துக்கட்டித் தண்ணீர் ஜக்கோடு நின்றிருந்தார். நின்ற இடத்திலேயே நின்றார்.

எல்லோருக்கும் முன்னால் ஒரு அம்மாள் எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா. நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் ஒற்றைச் சங்கிலி மட்டும். எனக்குப் பார்த்ததுமே புரிந்தது. அவரும் என்னைப் போலத்தான். பவியின் தலையில் பூவை வைத்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்தது.

"நீங்கதான் ஆஸ்திரேலியா அத்தையா? போட்டோவுல பாத்திருக்கேன்," என்றார் சந்தோஷமாக. "அடுத்த வாரம்தான் வருவீகன்னு சொன்னாகளே!"

ஆக, நான் இந்தியாவிலேயே இல்லை. வனத்துறைக்கு நான் வந்திருப்பது தெரியும், பாஸ்போர்ட் நகலோடு தெரியும். சம்பந்தி வீட்டுக்குத் தெரியாது.

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அண்ணனின் கண் என்னைக் கெஞ்சியது. அந்தக் கண்ணைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள், என்னால் முடியவில்லை.

"இன்னைக்குக் காலையிலதான் வந்தோம்," என்றேன். "ஃப்ளைட்டை மாத்திட்டாங்க."

அந்த அம்மாள் என் சேற்றுச் சேலையைப் பார்த்தார், யாழினியின் கையிலிருந்த தூக்குச்சட்டிகளைப் பார்த்தார். பவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். "வாங்க, வந்து புள்ளைகிட்ட உக்காருங்க. அத்தை இல்லாம என்ன விசேஷம்?"

நான் ஒரு எட்டு வைத்தேன். மதினி முந்திக்கொண்டார். "பிரயாணம் பண்ணி வந்த அலுப்பு சம்பந்தி. மொதல்ல மாடிக்குப் போயிக் குளிக்கட்டும். செல்வி, மேல போத்தா, சாப்பாடு அனுப்புறேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். உக்காரு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், காலையிலிருந்து நடந்த அத்தனையையும் அந்த இடத்திலேயே மறந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும், மறந்துதான் இருப்பேன். அவர் ஜக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு தரையைப் பார்த்தார். நான் மாடிக்குப் போனேன்.

எல்லோரும் போன பிறகு அண்ணன், மதினி, பவி மூவரும் மேலே வந்தார்கள். மதினி அழுதார். "ஒன் மனசு நோகக் கூடாதுன்னுதான் இம்புட்டும் பண்ணுனோம். அந்த ஓடைக்கு அனுமதி வாங்க ஒங்கண்ணன் எப்படி அலைஞ்சாருன்னு தெரியும்ல?" அது உண்மை. என்னை வேண்டாம் என்று வைக்க அவர் உண்மையாகவே உழைத்திருக்கிறார்.

"மாப்பிள்ளையோட அம்மாவே அப்படித்தான இருக்காங்க. அவங்க முன்னாடி உட்காரலையா?" என்று கேட்டேன்.

அண்ணன் அதற்கும் பதில் வைத்திருந்தார். "அவுக பெத்தவுக. அவுகளை யாரு என்ன சொல்ல முடியும்? அந்தப் பக்கமும் அப்படி, நம்ம பக்கமும் அப்படின்னா, பாக்குற நாலு பேரு..." என்று நிறுத்திக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குப் போட்டிருக்கிறார், அதில் நான் கழிந்துவிட்டேன்.

பவி மட்டும் கொஞ்ச நேரம் என் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "கோவமா அத்தை?" என்றாள். "நான் வேணாம்னுதான் சொன்னேன், அம்மா கேக்கல." நான் அவள் தலையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் மருதாணிக் கையோடு என்னைக் கட்டிப்பிடித்து வழியனுப்பியவளுக்கு என்ன சொல்ல? போய்த் தூங்கு என்றேன்.

6

வெளிநாட்டுக்கு வந்த எங்களைப் போன்றவர்கள் கூடினால் பேசுவது ஒன்றே ஒன்று. பிள்ளைகளுக்கு நம் பேச்சு வரவில்லை, நம் பழக்கம் தெரியவில்லை, கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நானும் புலம்பியிருக்கிறேன். யாழினியைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன், கொலு பார்க்க வீடு வீடாகக் கூட்டிப்போயிருக்கிறேன். அவள் எதிலும் ஒட்டியதில்லை. அண்ணனிடம் "மாமா, நான் ஓடையைக் குளிக்கணும்" என்று சொல்லுகிற தமிழ்தான் அவளுடையது. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு, தாலி அறுத்தவளை விசேஷத்தில் எங்கே வைக்க வேண்டும் என்பதை மட்டும் பிசகில்லாமல் புரிந்துகொண்டுவிட்டாள். ஊரே சொன்னாலும் "என் அம்மா முன்னாடிதான் உட்காருவாள்" என்று சண்டை போட ஒருத்தியை இந்த நாட்டில் வளர்த்து வைத்திருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். அண்ணன் செய்தது ஒரு பங்கு வலித்தால், அவள் செய்தது இரண்டு பங்கு வலிக்கிறது.

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். பல தடவை கேட்டுவிட்டாள். காலையில் எனக்கு முன்னால் எழுந்து காப்பி போட்டு வைக்கிறாள். நான் குடிக்கிறேன், நன்றாக இருக்கிறது என்கிறேன். வேலைக்குப் போகிறேன், இரத்தம் எடுக்கிறேன், வருகிறேன். இங்கே இப்போது குளிர்காலம், ஐந்தரை மணிக்கே இருட்டிவிடுகிறது. அவளிடம் முன்புபோல எல்லாவற்றையும் சொல்வதில்லை. சொல்ல வாயெடுக்கும்போது, இதை யாரிடம் போய்ச் சொல்வாளோ என்று ஒரு தயக்கம் வந்துவிடுகிறது.

அண்ணனோடு நான் பேசாமலே இருந்தேன். முந்தாநாள் அவரே கூப்பிட்டார். பின்னால் பட்டறையில் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது.

"ஆவணியில முகூர்த்தம் வச்சாச்சுத்தா. மண்டபம் பிடிச்சாச்சு. நீயும் பாப்பாவும் கண்டிப்பா வரணும். நீ இல்லாம பவிக்கு ஒரு கல்யாணமா?"

"வாரேண்ணே," என்றேன். "கல்யாணத்தன்னைக்கு என்னைய எந்த ஓடைக்கு அனுப்பப் போறே?"

குத்திக்காட்டத்தான் கேட்டேன். அவர் பதறுவார், என்னாத்தா இப்படிப் பேசுறே என்பார், குரல் உடையும், நானும் சேர்ந்து அழுவேன், அதோடு இந்தப் பகை தீர்ந்து, நான் போய்ப் பிள்ளையின் பக்கத்தில் நிற்பேன் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அதற்கு அவருக்கு நேரம் கொடுத்துக் காத்திருந்தேன்.

மறுமுனையில் மோட்டாரை நிறுத்தினார்கள். அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார்.

"இதை எப்படி உங்கிட்டச் சொல்றதுன்னுதான் நாங்களும் யோசிச்சுக்கிட்டு இருந்தோம்த்தா. நல்லவேளை, நீயே கேட்டுட்டே," என்றார். "கொடைக்கானல்ல நல்ல ரூமா போட்டுரவா?"